மடப்பட்டு அருகே ஸ்டெப்னி மாற்றிய 110 நிமிடங்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

2023 ஜனவரி 13, வெள்ளிக்கிழமை, போகிக்கு முதல் நாள் மாலை. பொங்கலுக்காகத் தாம்பரத்திலிருந்து திருச்சிக்குச் சென்றுகொண்டிருந்த எங்கள் கார், விழுப்புரத்தைத் தாண்டி மடப்பட்டுக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் இடையே பின்பக்க வலது சக்கரத்தில் காற்றிழந்து நின்றது. சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டிவிட்டு மீண்டும் புறப்பட எங்களுக்கு 110 நிமிடங்கள் பிடித்தன. கருவிகள் சரியாக இருந்து, செய்முறையும் தெரிந்திருந்தால், இது 20 முதல் 25 நிமிடங்களில் முடியும் வேலை. எஞ்சிய நேரம் முழுவதும் வேலை தெரியாததால் போனதன்று. அதில் பெரும்பகுதி, பல மாதங்களுக்கு முன்பே நானும் நான் நம்பிய ஒரு டயர் கடையும் செய்து வைத்த, அல்லது செய்யாமல் விட்ட, காரியங்களின் விளைவு. அந்த மாலையை நிமிடவாரியாகக் குறித்து வைத்திருந்தேன். அதைக் கொண்டே இதை எழுதுகிறேன்.

காரைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். அது 2014இல் வாங்கிய, முன்சக்கரங்கள் இழுக்கும் சிறிய ஹேட்ச்பேக். இரும்பு ரிம், சக்கரத்துக்கு 4 நட்டுகள், டியூப்லெஸ் டயர், மற்ற நான்குக்கும் ஒத்த அளவிலான முழு ஸ்டெப்னி. டயர் அழுத்தத்தைக் காட்டும் எச்சரிக்கை விளக்கு அதில் கிடையாது. வண்டியில் நான், என் மனைவி, 72 வயதான என் அம்மா, என் மகள், மனைவியின் தம்பி என ஐந்து பேர் இருந்தோம். டிக்கி மேல்தட்டு வரை நிரம்பியிருந்தது.

முதல் அறிகுறியும் தவறவிட்ட நிமிடங்களும்

விழுப்புரம் புறவழிச்சாலையை விட்டு வந்த சிறிது நேரத்தில், பின்னிருக்கையில் இருந்த மைத்துனன், "மாமா, பின்னாடி ஏதோ ஒரு சத்தம் வருது" என்றான். சாலையில் ஒட்டுப்போட்ட பகுதி என்று நினைத்து நான் அதைப் பொருட்படுத்தவில்லை. முன்சக்கரத்தில் காற்று இறங்கினால் ஸ்டீயரிங் அந்தப் பக்கம் இழுக்கும். கைக்கு உடனே தெரிந்துவிடும். பின்சக்கரத்தில் இறங்கும்போது ஸ்டீயரிங்கில் பெரிய மாற்றம் இருக்காது. வண்டியின் பின்பகுதி மட்டும் மிதப்பது போலவும், பாதை மாறும்போது ஒரு நொடி தாமதித்துப் பின்தொடர்வது போலவும் தோன்றும். ஓட்டுபவரைவிடப் பின்னிருக்கையில் இருப்பவருக்கே இது முன்னதாகப் புரியும். அவன் சொன்னதைக் கேட்டு அப்போதே ஓரங்கட்டியிருந்தால் டயரில் இன்னும் பாதிக் காற்றாவது இருந்திருக்கும்.

5:10 மணிக்கு 'தப்தப்' என்ற ஓசை ஐயத்துக்கு இடமில்லாமல் கேட்டது. வண்டியின் வால் பக்கம் ஆடியது. பிரேக்கை அழுத்தாமல், ஸ்டீயரிங்கை இரு கைகளாலும் நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை மட்டும் விட்டேன். வேகம் தானாக 40க்குக் கீழே வந்த பிறகே இடப்பக்கம் ஒதுங்கினேன். அன்று நான் முழுமையாகச் சரியாகச் செய்தது இது ஒன்றுதான். காற்றில்லாத பின்சக்கரத்தோடு திடீரென பிரேக் பிடித்தால் வண்டி பின்புறமாகச் சுழலக்கூடும். அந்த நேரத்தில் வலப்பக்கத் தடத்தில் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன.

எங்கே நிறுத்துவது என்ற கேள்வி

நின்ற இடம் சாலையோரமாகத் தார் போட்ட தோள்பகுதி. தரை உறுதியாக இருந்தது. ஆனால் காற்றிழந்தது வலப்பக்கச் சக்கரம். அதைக் கழற்ற உட்காருபவரின் முதுகு, ஓடும் வண்டிகளிலிருந்து ஒன்றரை மீட்டர் தொலைவில்கூட இருக்காது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடிக்கு 25 மீட்டர் கடக்கிறது. இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. விழுப்புரத்திலிருந்து உளுந்தூர்பேட்டை வரை அந்தச் சாலை தென்மேற்காகச் செல்கிறது. மார்கழிக் கடைசியின் மாலைச் சூரியனும் தென்மேற்கில்தான் இறங்குகிறது. எங்களுக்குப் பின்னால் வந்த ஒவ்வோர் ஓட்டுநரின் கண்ணிலும் வெயில் ஏறக்குறைய நேராக அடித்துக்கொண்டிருந்தது. அவர்களுக்கு எங்கள் கார் ஒரு கரிய நிழலாக மட்டுமே தெரிந்திருக்கும்.

ஏறத்தாழ 200 மீட்டர் முன்னால் சர்வீஸ் சாலையின் வாயில் ஒன்றும், அதன் ஓரத்தில் மூடிக்கிடந்த ஒரு தேநீர்க் கடையும், கடை முன்னே அகன்ற மண் திடலும் தெரிந்தன. இருந்த இடத்திலேயே மாற்றுவதா, டயர் போனாலும் பரவாயில்லை என்று அதுவரை உருட்டிச் செல்வதா என்று முடிவெடுக்க எனக்கு ஆறு நிமிடங்கள் ஆயின. ஒரு நிமிடம்கூட யோசித்திருக்கக் கூடாது என்பதே இப்போது என் முடிவு. ஒரு டயரின் விலை சில ஆயிரம் ரூபாய். அந்த டயரும் அதற்குள் ஏறக்குறைய செத்துவிட்டிருந்தது. முதல் கியரில், நடக்கும் வேகத்தில், நான்கு இண்டிகேட்டர்களும் ஒருசேர மின்ன, திடலுக்குக் கொண்டுபோனேன். ரிம் சேதமாகவில்லை. மணி 5:20.

அங்கே இறங்கியதும் அம்மாவையும் மகளையும் தேநீர்க் கடையின் திண்ணைக்கு அனுப்பினோம். காரை ஜாக்கியில் தூக்கும்போது உள்ளே யாரும் இருக்கக் கூடாது என்பது பலருக்கும் தெரியும். மூட்டு வலி உள்ள பெரியவர்களை மட்டும் இரக்கப்பட்டு உள்ளேயே உட்கார வைத்துவிடுவார்கள். வண்டியோடு சேர்ந்து அவர்கள் எடையையும் அந்தச் சிறிய ஜாக்கி தாங்க வேண்டும் என்பதைவிட, உள்ளே அவர்கள் சற்று அசைந்தாலே ஜாக்கியின் தலை நழுவக்கூடும் என்பதுதான் பெரிய ஆபத்து. இறங்கியவர்கள் காருக்குப் பின்னாலோ முன்னாலோ நிற்காமல் சாலையை விட்டு முழுவதுமாக விலகி இருக்க வேண்டும்.

டிக்கிக்குள் புதைந்திருந்தவை

எச்சரிக்கை முக்கோணம், ஜாக்கி, வீல் ஸ்பேனர், ஸ்டெப்னி ஆகிய நான்கும் டிக்கியின் தரைப் பலகைக்கு அடியில் இருந்தன. அதன் மேல் இரண்டு பெட்டிகள், நான்கு பைகள், ஒரு பித்தளைப் பானை, அம்மாவின் மடக்கு நாற்காலி. எல்லாவற்றையும் இறக்கிய பிறகே முக்கோணம் கைக்கு வந்தது. நின்றவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, இவ்வாறு 18 நிமிடங்கள் கழித்து நடந்தது. தோள்பகுதியிலேயே நின்றிருந்தால் அந்த 18 நிமிடங்களும் எந்தக் காப்பும் இல்லாமல் கழிந்திருக்கும். முக்கோணத்தை 50 மீட்டர் பின்னால் வைப்பது பலருக்கும் பழக்கம். 90 கிலோமீட்டர் வேகத்தில் வருபவருக்கு அது இரண்டு நொடி அவகாசம்தான். நெடுஞ்சாலையில் 100 மீட்டராவது நடந்து சென்று வைப்பதே நல்லது. அப்படி நடக்கும்போது சாலையின் விளிம்பில் நடக்காமல், வருகிற வண்டிகளைப் பார்த்தபடி மண் பகுதியில் நடக்க வேண்டும்.

ஸ்டெப்னியை வெளியே எடுத்து உருட்டியபோதே அது உருளும் விதம் சரியில்லை என்று தோன்றியது. கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போனது. காரின் டயர்களுக்கு மாதம் தவறாமல் காற்று பிடிக்கிற நான், அதைக் கடைசியாக எப்போது சோதித்தேன் என்று எண்ணிப் பார்த்தால் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. ஓடாத டயரும் காற்றை இழக்கும். ரப்பரின் நுண்துளைகள் வழியாகவும் வால்வு வழியாகவும் மாதந்தோறும் சிறிது சிறிதாகக் கசிந்துகொண்டே இருக்கும். பெட்ரோல் பங்கில் காற்று பிடிப்பவர் "ஸ்டெப்னியும் பாக்கணுமா சார்?" என்று கேட்கும் ஒவ்வொரு முறையும், டிக்கியைக் காலி செய்யச் சோம்பல்பட்டு வேண்டாம் என்றிருக்கிறேன்.

ஸ்டெப்னி என்ற சொல்லை நாம் தமிழாகவே ஆக்கிக்கொண்டோம். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் லனெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில், தாமஸ் மோரிஸ் டேவிஸ் என்பவர் 1904ஆம் ஆண்டையொட்டி உதிரிச் சக்கரத்தை உருவாக்கினார். அந்தத் தெருவின் பெயரே நிறுவனத்தின் பெயராகி, பின்னர் பொருளின் பெயராகவும் ஆகிவிட்டது. அது அப்போது இன்றுபோல் முழுச் சக்கரமன்று. காற்றிழந்த சக்கரத்தோடு பக்கவாட்டில் இறுக்கிக் கட்டிக்கொள்ளும் வளையம். சக்கரத்தைக் கழற்ற வேண்டியிராத அந்த ஏற்பாட்டை அன்று மாலை சற்று ஏக்கத்தோடு நினைத்துக்கொண்டேன்.

அசையாத நான்கு நட்டுகள்

அன்றைய தாமதத்தின் மையம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்த வேண்டும். தூக்கிய பிறகு முயன்றால் சக்கரம் நட்டோடு சேர்ந்து சுற்றும், அல்லது நாம் கொடுக்கும் விசையில் கார் ஜாக்கியிலிருந்து சரியும். தளர்த்துவது என்றால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் அரைச் சுற்று முதல் ஒரு சுற்று வரை மட்டுமே. முழுவதுமாகக் கழற்றுவது தூக்கிய பிறகுதான்.

காருடன் கொடுக்கப்பட்ட ஸ்பேனரின் கைப்பிடி ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளம். கையால் அழுத்தியபோது நான்கில் ஒன்றும் அசையவில்லை. மைத்துனன் தன் உடல் எடையையெல்லாம் கொடுத்துக் காலால் மிதித்தான். அவன் எடை 60 கிலோ என்று கொண்டால், 25 சென்டிமீட்டர் நீளத்தில் அது ஏறக்குறைய 150 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. இத்தகைய சிறிய கார்களின் சக்கர நட்டுகளுக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் அளவு பொதுவாக 80க்கும் 110க்கும் இடையில்தான் இருக்கும். 150க்கும் அசையாத நட்டு, இறுக்க வேண்டிய அளவைத் தாண்டி இறுக்கப்பட்டிருக்கிறது. மழைக்காலத்தில் ஏறிய துருவும் அதில் ஒரு பங்கு வகித்திருக்கும். துருவேறினால் திறக்கத் தேவைப்படும் விசை, இறுக்கிய விசையைவிட மிகும். இருந்தாலும் நான்கு நட்டுகளும் ஒரே அளவில் பிடிவாதமாக இருந்ததற்கு வேறு காரணம் இருந்தது.

ஐந்து மாதங்களுக்கு முன்னர் ஒரு டயர் கடையில் சக்கரங்களை இடம் மாற்றி, வீல் அலைன்மென்ட் பார்த்தேன். அங்கே வேலை செய்த பையன் ஏர் கன்னை நட்டின் மேல் வைத்து, அது 'டடடட' என்று அடித்து ஓயும் வரை பிடித்திருந்தான். முறுக்குவிசை அளக்கும் ஸ்பேனர் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் அதை எடுக்கவில்லை, எடுக்கும்படி நானும் கேட்கவில்லை. ஏர் கன் வேகமானது, உடலுழைப்பைக் குறைப்பது. நாளொன்றுக்குப் பல வண்டிகளைப் பார்க்க வேண்டிய அந்தப் பையனின் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் ஏர் கன் எவ்வளவு இறுக்கியது என்பது பிடித்திருப்பவருக்கே தெரியாது. மிகையாக இறுக்கினால் போல்ட்டின் மரை நீண்டு பலமிழக்கும். பிரேக் டிஸ்க் இருக்கும் சக்கரமானால் அதன் தட்டு கோணலாகவும் வாய்ப்புண்டு. எல்லாவற்றையும்விட, கடைக்கு வெளியே எங்கோ ஒரு சாலையோரத்தில், வண்டிக்காரரிடம் இருக்கும் சிறிய ஸ்பேனரால் அதைத் திறக்க முடியாமல் போகும். முதல் 5 சுற்றுகளை ஏர் கன்னால் ஓட்டிவிட்டுக் கடைசி இறுக்கத்தைக் கையால் முடிப்பதே சரியான முறை. பணம் கொடுப்பவர் அதை நின்று கேட்டுப் பெற வேண்டும்.

20 நிமிடங்கள் மாறி மாறி மிதித்தும் பயனில்லை. ஸ்பேனர் ஒருமுறை வழுக்கி நட்டின் முனை சற்று மழுங்கியது. 6 மணிக்கு வெளிச்சம் மங்கத் தொடங்கிவிட்டது. நெடுஞ்சாலை உதவிக்கான 1033 என்ற எண் அப்போதுதான் என் மனைவிக்கு நினைவுக்கு வந்தது. நின்ற நிமிடத்திலேயே அழைத்திருக்க வேண்டிய எண் அது. அழைப்பதற்குக் கைப்பேசியை எடுத்தபோது, தேநீர்க் கடையைத் தேடி வந்த ஒரு சரக்கு லாரி எங்களுக்குப் பின்னால் வந்து நின்றது.

லாரி ஓட்டுநரின் முறை

லாரி நாமக்கல் பதிவெண் கொண்டது. ஓட்டுநருக்கு ஐம்பது வயதிருக்கும். இறங்கி வந்து, நாங்கள் மிதிப்பதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "சார், ஸ்பேனர் மேல ஏறி நிக்காதீங்க. வழுக்கினா முட்டி போயிரும்" என்றார். பின் லாரியைக் காருக்கு நேர் பின்னால் பதினைந்து அடி விட்டு நிறுத்தி, நான்கு விளக்குகளையும் மின்ன வைத்தார். அவர் முதலில் செய்தது கருவி எடுப்பதன்று, எங்களுக்கு ஒரு சுவரை உண்டாக்கியதுதான் என்பது எனக்குப் பிறகே விளங்கியது. கிளீனர் பையன் ஒரு இரும்புக் குழாயைக் கொண்டுவந்தான். அதை ஸ்பேனரின் கைப்பிடியில் செருகினால் மொத்த நீளம் 75 சென்டிமீட்டர். நீளம் மூன்று மடங்கானால் அதே முறுக்குவிசைக்கு மூன்றில் ஒரு பங்கு பலம் போதும். ஸ்பேனரை நட்டில் இறுதி வரை செருகி, குழாயின் நுனியைக் கிடைமட்டமாக வைத்து, குதிக்காமல் ஒரே சீராகக் கீழே அழுத்தினார். நட்டு ஒரு கிறீச்சொலியோடு விட்டது. நான்கும் ஐந்து நிமிடங்களில் தளர்ந்தன.

குதித்து மிதிப்பதற்கும் சீராக அழுத்துவதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் சொல்லாமலே கண்டுகொண்டேன். குதிக்கும்போது விசை ஒரு கணத்தில் பாய்ந்து, ஸ்பேனர் நட்டின் முனைகளை உரசிக்கொண்டு வழுக்கும். நட்டு மழுங்கினால் எந்தக் குழாயும் உதவாது. நீளமான குழாய்க்கும் ஓர் எல்லை உண்டு. பழைய போல்ட்டின் மேல் அளவுக்கு மீறி அழுத்தினால் அது முறிந்துபோகும். அவர் கையால் அழுத்தினாரே தவிரக் குழாயின் மேல் ஏறவில்லை.

ஹேண்ட் பிரேக்கும் கியரும்

காரை ஜாக்கியில் தூக்குவதற்கு முன் ஹேண்ட் பிரேக் போட்டு முதல் கியரில் வைக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். எது எந்தச் சக்கரத்தைப் பிடிக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அதில் உள்ள இடைவெளி புரியும். எங்கள் காரைப் போல முன்சக்கரங்கள் இழுக்கும் வண்டியில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களையும், கியர் முன்சக்கரங்களையும் பிடித்திருக்கும். பின்சக்கரம் ஒன்றைத் தூக்கினால், தரையில் இருக்கும் மற்றப் பின்சக்கரத்தை ஹேண்ட் பிரேக்கும், இரண்டு முன்சக்கரங்களைக் கியரும் பிடித்திருக்கும். அது நல்ல நிலை. முன்சக்கரம் ஒன்றைத் தூக்கும்போது நிலைமை வேறு. இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரென்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பு காரணமாக, அந்தரத்தில் உள்ள சக்கரம் எதிர்த்திசையில் சுற்ற, தரையில் உள்ள முன்சக்கரம் கியரில் இருந்தும் உருளக்கூடும். அப்போது வண்டியைப் பிடித்திருப்பது ஹேண்ட் பிரேக் மட்டுமே. பல வீட்டுக் கார்களின் ஹேண்ட் பிரேக் கம்பி தளர்ந்துதான் கிடக்கிறது. ஆகவே எந்தச் சக்கரமாக இருந்தாலும், அதற்கு மூலைவிட்டமாக எதிரே உள்ள சக்கரத்துக்கு முன்னும் பின்னும் முட்டுக் கொடுப்பதை விடக் கூடாது. கிளீனர் பையன் லாரிக்கு வைக்கும் இரண்டு கட்டைகளை எங்கள் முன்பக்க இடது சக்கரத்துக்கு வைத்தான்.

மண்ணில் இறங்கிய ஜாக்கி

பாதுகாப்புக்காக நான் தேர்ந்தெடுத்த மண் திடல், இந்த இடத்தில் தன் விலையைக் கேட்டது. மழைக்காலம் முடிந்தும் ஈரம் காயாத மண் அது. கதவுக்குக் கீழே ஓடும் தகட்டு விளிம்பில், பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால், ஜாக்கி வைப்பதற்கென்றே இரண்டு வெட்டுக்குறிகள் இருக்கும். அவற்றுக்கு நடுவே உள்ள பகுதி மட்டுமே வலுவூட்டப்பட்டது. வேறெங்கு வைத்தாலும் தகடு நசுங்கும். சரியான இடத்தில் வைத்துத்தான் சுற்றினேன். ஆனால் கார் மேலே எழுவதற்குப் பதிலாக ஜாக்கி கீழே போனது. அதன் அடித்தட்டு உள்ளங்கை அளவுதான். காரின் அந்த மூலையின் எடை முழுவதும் அந்தச் சிறு பரப்பில் இறங்குகிறது. ஓரளவு தூக்கிய நிலையில் ஜாக்கி வெளிப்பக்கமாகச் சாயத் தொடங்கியதும் ஓட்டுநர், "இறக்குங்க சார், இறக்குங்க!" என்று உரக்கச் சொன்னார். இன்னும் நான்கு சுற்று சுற்றியிருந்தால் கார் விழுந்திருக்கும்.

முழுவதும் இறக்கி, மேல் மண்ணைச் சுரண்டிச் சமப்படுத்தி, லாரியில் இருந்த ஒன்றரை அடிப் பலகையைப் பதித்து, அதன் மேல் ஜாக்கியை வைத்தோம். சாலையோரத்தில் கிடக்கும் கடப்பைக்கல் துண்டையோ செங்கல்லையோ இதற்குப் பயன்படுத்துவதை நான் பார்த்திருக்கிறேன். எடை ஏறியதும் கல் முன்னறிவிப்பின்றி இரண்டாகப் பிளக்கும். மரப் பலகை அப்படி உடையாது. நசுங்கினாலும் மெதுவாகவே நசுங்கும். தூக்கத் தொடங்கியதும் காற்றில்லாத ஸ்டெப்னியைப் படுக்கை வசமாகக் காரின் அடியில், ஜாக்கிக்குப் பக்கத்தில் தள்ளி வைத்தார் ஓட்டுநர். ஜாக்கி நழுவினால் கார் தரையில் விழாமல் அந்தச் சக்கரத்தின் மேல் உட்காரும். யாருடைய உடலும் எந்த நேரத்திலும் காருக்கு அடியில் போகக் கூடாது என்பது இதற்கெல்லாம் மேலான விதி. தட்டையான டயர் தரையை விட்ட பிறகும் இன்னும் மூன்று விரல்கடை கூடுதலாகத் தூக்கச் சொன்னார்; காற்று நிறைந்த சக்கரத்துக்கு உயரம் அதிகம் வேண்டுமென்பதை நான் யோசிக்கவில்லை.

நட்டுகளைக் கழற்றிய பிறகும் சக்கரம் வரவில்லை. இரும்பு ரிம்மின் நடுத்துளை, சக்கரம் பொருந்தும் நடுப்பகுதியான ஹப்போடு துருவால் ஒட்டியிருந்தது. தூக்கிய நிலையில் சக்கரத்தைப் பிடித்து இழுத்தால் கார் சரியும். அதனால் இரண்டு நட்டுகளைக் கையால் சில மரை மட்டும் திருப்பி மாட்டிவிட்டு, டயரின் பக்கத்தில் உள்ளங்காலால் மேலும் கீழுமாக மெதுவாகத் தட்டினார். நான்காவது தட்டில் விட்டது. நட்டுகள் இல்லாமல் தட்டியிருந்தால் சக்கரம் காலின் மேல் விழுந்திருக்கும்.

லாரியின் காற்று

ஸ்டெப்னியில் காற்றில்லை என்பது அப்போதும் அப்படியே இருந்தது. கழற்றிய சக்கரத்தை அடியில் தள்ளி, ஸ்டெப்னியை வெளியே எடுத்தோம். லாரிகளின் பிரேக் காற்றால் இயங்குவது. அதற்கென எஞ்சினில் ஒரு கம்ப்ரசரும், சேசிஸில் காற்றுத் தொட்டிகளும் உண்டு. நெடுந்தூரம் ஓடும் பல லாரிகளில் அந்தக் காற்றை டயருக்குப் பிடிப்பதற்கு ஒரு ரப்பர்க் குழாயும் வைத்திருப்பார்கள். கிளீனர் பையன் அதைக் கொண்டுவந்து எங்கள் வால்வில் பொருத்தினான். கார் டயருக்கு வேண்டியது, கதவோரத்தில் ஒட்டியிருந்த தாளின்படி, 33 பிஎஸ்ஐ. லாரித் தொட்டியில் இருப்பது அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். அளவுமானி இல்லாததால் சில நொடிகள் பிடிப்பதும், நிறுத்திக் கையால் தட்டிப் பார்ப்பதுமாக நிரப்பினார்கள். பிடிக்கும்போது எல்லோரையும் டயரின் பக்கவாட்டுக்கு நேரே நிற்காமல் விலகச் சொன்னார் ஓட்டுநர். பழைய டயரில் காற்றேறும்போது பக்கச்சுவர்தான் முதலில் வெடிக்கும்.

மாட்டுவது அன்றைய வேலையிலேயே எளிதான பகுதி. ஹப்பின் துருவைத் துணியால் துடைத்து, துளைகளைப் போல்ட்டுகளுக்கு நேராக வைத்து, நட்டுகளின் கூம்புப் பக்கம் ரிம்மைப் பார்க்கும்படி கையால் திருப்பினோம். எதிரெதிராக, மேல், கீழ், இடம், வலம் என்ற வரிசையில் திருப்பியதால் சக்கரம் ஹப்பில் கோணாமல் உட்கார்ந்தது. அடியில் இருந்த பழைய சக்கரத்தை எடுத்துவிட்டுக் காரை இறக்கி, தரையில் நின்ற பிறகு அதே வரிசையில் இறுக்கினேன். குழாயை ஓட்டுநர் கொடுக்கவில்லை. "வெறும் ஸ்பேனர், கை பலம், அது போதும்" என்றார். கையால் முழுப் பலத்தோடு 25 சென்டிமீட்டர் ஸ்பேனரை இழுத்தால் கிடைப்பது ஏறக்குறைய வேண்டிய அளவுதான்.

புறப்படும்போது அவர் இன்னொன்றும் செய்தார். தன் லாரிக்குப் பின்னால் எச்சரிக்கையாகத் தானே வைத்திருந்த மூன்று கற்களையும் எடுத்துப் பள்ளத்தில் போட்டார். நம் சாலைகளில் பழுதான வண்டிகள் போன பிறகும் நடுவில் கிடக்கும் கற்களில் மோதி இரவில் விழும் இருசக்கர வண்டிக்காரர்களை நினைத்தால், இது சிறிய செயலன்று. நான் கொடுத்த பணத்தை அவர் வாங்கவில்லை. அம்மா கொடுத்த முறுக்குப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். மணி 7.

உளுந்தூர்பேட்டையும் திருச்சியும்

உளுந்தூர்பேட்டைப் பங்கில் அளந்தபோது ஸ்டெப்னியில் 41 இருந்தது, 33க்குக் குறைத்தோம். அங்கேயே நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்த்தேன். ஒன்று கால் சுற்றுக்கும் குறைவாக நகர்ந்தது. புதிதாக மாட்டிய சக்கரம் சிறிது ஓடிய பின் ஹப்பில் நன்றாக அமரும். ரிம்முக்கும் ஹப்புக்கும் இடையே துருத்துகள் இருந்தால் அது நசுங்கி நட்டு தளரும். 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை மீண்டும் இறுக்குவது அதனால்தான்.

பங்கின் விளக்கு வெளிச்சத்தில் ஸ்டெப்னியின் பக்கச்சுவரைப் படித்தேன். தயாரிப்புக் குறியின் கடைசி நான்கு இலக்கங்கள் 1614, அதாவது 2014ஆம் ஆண்டின் 16ஆவது வாரம். ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமல் ஒன்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தது. ரப்பர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மூப்படையும்; பத்து ஆண்டுகளுக்கு மேல் எந்த டயரையும் பயன்படுத்த வேண்டாம் என்பது தயாரிப்பாளர்களின் பொதுவான அறிவுரை. முழு அளவு ஸ்டெப்னிக்கு வேகக் கட்டுப்பாடு இல்லை. இப்போது பல கார்களில் வரும் மெல்லிய தற்காலிகச் சக்கரத்துக்குத்தான் 80 கிலோமீட்டர் எல்லையும் 60 பிஎஸ்ஐ அழுத்தமும். ஆயினும் அதன் வயதைக் கருதி 60ஐத் தாண்டாமல் திருச்சி வரை ஓட்டினேன்.

மறுநாள் காலை ஒரு கடையில் பழைய டயரை ரிம்மிலிருந்து பிரித்தபோது உள்ளிருந்து கருநிற ரப்பர்த் தூள் ஒரு கைப்பிடி அளவு கொட்டியது. உள்பக்கச் சுவரைச் சுற்றிலும் வளையம்போல் தேய்ந்து, நூலிழைகள் வெளியே தெரிந்தன. காற்றில்லாமல் ஓடும்போது பக்கச்சுவர் மடிந்து தன்னைத்தானே அரைத்துக்கொள்கிறது. மூல காரணமோ, ஓடுபரப்பில் ஏறியிருந்த ஒரு இரும்புத் திருகாணி. டியூப்லெஸ் டயரில் திருகாணி தன் துளையைத் தானே அடைத்துக்கொண்டு மெதுவாகவே காற்றை விடும். மைத்துனன் சத்தம் கேட்டதாகச் சொன்னபோதே நின்றிருந்தால், சிறிய ஒட்டோடு அந்த டயர் இன்னும் பல மாதங்கள் ஓடியிருக்கும். ஓடுபரப்பில் உள்ள துளையை அடைக்கலாம். பக்கச்சுவரை எந்த ஒட்டும் காப்பாற்றாது.

இந்த இடத்தில் ஒரு விதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2020 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. அதன்படி, டயர் அழுத்த எச்சரிக்கைக் கருவியும் பஞ்சர் அடைக்கும் பெட்டியும் கொண்ட சிறிய பயணிகள் வண்டிகளுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. அழுத்த எச்சரிக்கை இருந்திருந்தால் நாங்கள் முன்னதாகவே நின்றிருப்போம் என்பது உண்மை. அந்தக் கருவியை நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன். ஆனால் நின்ற இடத்தில் பக்கச்சுவர் கிழிந்திருந்தால், பெட்டியில் உள்ள பசையும் சிறு கம்ப்ரசரும் எதற்கும் உதவா. ஊர்களுக்கு இடையே நெடுந்தூரம் ஓட்டுபவர், டிக்கி இடத்துக்காக ஸ்டெப்னியைத் துறக்கக் கூடாது என்பது என் கருத்து.

பின் அச்சின் இரண்டு டயர்களையும் ஒருசேர மாற்றினேன். பழையவற்றில் நல்லதாக இருந்த ஒன்று ஸ்டெப்னியாயிற்று. 2014ஆம் ஆண்டு டயரைக் கடையிலேயே விட்டுவிட்டேன். நட்டுகளுக்கு ஏர் கன்னை எடுத்த ஊழியரிடம், கடைசி இறுக்கத்தைக் கையால் முடிக்கும்படி கேட்டேன். அவர் மறுப்பு ஏதுமின்றி அளவு ஸ்பேனரை 100இல் வைத்து, நான்கையும் எதிரெதிராக இறுக்கி, ஒவ்வொன்றும் 'டிக்' என்று ஒலிப்பதை என்னைக் கேட்க வைத்தார். வாசலில் நிறுத்தி, காரில் உள்ள சிறிய ஸ்பேனரால் ஒரு நட்டைத் தளர்த்தி மீண்டும் இறுக்கிப் பார்த்தேன்; என் ஒரு கைக்கே அசைந்தது. முக்கோணமும், ஒரு முழம் நீள இரும்புக் குழாயும், நெற்றியில் கட்டும் டார்ச்சும் இப்போது ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருக்கின்றன. ஒன்றரை அடிப் பலகை டிக்கியில் ஸ்டெப்னிக்கு மேல் கிடக்கிறது.